இடமிருக்கிற ஆள்

அபிஷா ஏணியில் நின்றுவிட்டது எனக்குத் தெரியவே இருபது நிமிடம் ஆயிற்று.

நான் அறுபத்தொன்றாம் எண் மின்சாரக் காற்றாடியின் உச்சியில் இருந்தேன். கோபுரமும் இறக்கைகளைத் தாங்கும் தலைப்பெட்டியும் சேரும் இடத்தில் ஒரு பெரிய இரும்பு வளையம். அதில் தொண்ணூற்றாறு போல்ட்டுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். முறுக்கும் கருவியைப் பொருத்தி அழுத்தினால் அது தானே முறுக்கும். போதுமான அளவு வந்ததும் ஒரு சின்ன ஒலி. அடுத்தது. மறுபடி ஒலி. அடுத்தது. வெளியே கணவாய்க் காற்று. அது எப்போதும் நிற்காது.

எழுபது முடித்தபோதுதான் அபிஷா கொண்டுவர வேண்டிய எண்ணெய் டப்பா இன்னும் வரவில்லை என்று தோன்றியது. கோபுரக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். நாற்பது மீட்டர் கீழே அவளுடைய ஹெல்மெட் விளக்கு அசையாமல் இருந்தது.

இறங்கினேன். ஏணியைக் கட்டிப்பிடித்து, நெற்றியை ஒரு படியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல். தோள் மட்டும் குலுங்கியது.

"என்னாச்சு?"

"தெரியலண்ணா. யாரோ போயிட்டாங்க."

"யாரு? வீட்டுல இருந்து போன் வந்துதா?"

"இல்ல. யாரும் போன் பண்ணல. ஆனா போயிட்டாங்க."

குழாய்க்குள் சன்னல் கிடையாது. அவளைப் பயமுறுத்த அங்கே ஒன்றுமில்லை. என் கயிற்றை அவள் இடுப்புப் பட்டையில் மாட்டி, ஒவ்வொரு படியாக இறக்கினேன். எனக்குக் கை நடுங்கவில்லை. எனக்கு எதற்கும் நடுங்குவதில்லை. அதனால்தான் நிறுவனத்தில் எனக்கு மதிப்பு.

காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறுவனம் அதற்கு இசைவுமணி என்று பெயர் வைத்தது. எங்கள் ஆட்கள் பொட்டு என்றார்கள். ஒட்டிய முதல் நாளே இசக்கியப்பன் அண்ணாச்சி, "ஐம்பது வயசுல எனக்குப் பொட்டு வச்சுட்டானுவ, இனி பூ ஒண்ணுதான் பாக்கி" என்றார். ஒரு குழுவில் நான்கு பேர். நான்கு பொட்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். சொல் எதுவும் போகாது, காட்சி எதுவும் போகாது. பக்கத்து ஆள் தயங்கினால் நமக்கும் ஒரு தயக்கம் தட்டும். அவர் தயாரானால் நம் கை தானாக நீளும். கழற்றினால் இணைப்பு அறுந்துபோகும், மறுபடி சேர மூன்று நாள் ஆகும். அதனால் யாரும் வீட்டிலும் கழற்றுவதில்லை.

அதற்கு முன்பு நாங்கள் கத்தித்தான் வேலை செய்தோம். மேலே இருப்பவன் "பன்னெண்டு" என்பான், கீழே இருப்பவன் "பன்னெண்டு ஆச்சு" என்பான். பூட்டுப் போட்டவன் "பூட்டியாச்சு" என்பான், இன்னொருவன் இழுத்துப் பார்த்து "பூட்டியிருக்கு" என்பான். சாயந்தரம் யாருக்கும் தொண்டை இருக்காது. பொட்டு வந்தபின் வாய் திறக்க வேண்டியதே இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தது. விபத்து இல்லை. எங்கள் குழுவின் இசைவு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. ஜீப்பில் போகும்போதும் நாங்கள் பேசுவதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை சென்னையிலிருந்து கௌதமன் வந்தார். குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. என் வயதுதான் இருக்கும். நல்ல மனிதர். எனக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"தாணுமாலயன், இது உங்க பொட்டு காட்டுற பதற்றக் கோடு, பாருங்க." திரையைத் திருப்பினார். "பத்து மாசமா நேரா போகுது. உங்க மனைவி தவறின வாரத்துல கூட. சாரி, இதைச் சொல்லியிருக்கக் கூடாது."

"பரவால்ல."

"நீங்கதான் இந்தக் குழுவோட நங்கூரம். நூத்துல ஒருத்தர் இப்படி அமைவாங்க. இன்ஜினியரிங் காலேஜ்கள்ல பயிற்சி நடத்தப் போறோம். உங்களைத்தான் உதாரணமா காட்டப் போறேன்."

பிறகு இன்னொரு கோட்டைக் காட்டினார். அது மலைத்தொடர் மாதிரி இருந்தது. அபிஷாவுடையது.

"இதுதான் புரியல. இவங்க காலேஜ்ல ஏற்புத்திறன் தொண்ணூத்தொன்பது. அந்த வருஷத்துலயே முதல். புராஜெக்ட் குழுவுல யாரும் இவங்களை விட்டுக்கொடுக்க மாட்டாங்களாம். இங்க வந்து பத்து மாசத்துல இப்படி." ஒரு தாளை நீட்டினார். "சக உறுப்பினர் மதிப்பீடு. நங்கூரமா இருக்கிறவர் கையெழுத்துப் போடணும். நாளைக்குக் குடுத்தாப் போதும்."

குழுவிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கப்படுபவர்: அபிஷா. காரணம்: குழுவுக்கு ஒவ்வாமை.

அந்த ஒரு சொல் ஏட்டில் ஏறினால் அவளுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது. பொட்டு ஒட்டாத வேலை இப்போது எங்கே இருக்கிறது? மருத்துவமனை, பள்ளிக்கூடம், துறைமுகம், எல்லாம் குழுதான். பேனாவை எடுத்தேன். எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை. சரியாகவும் தோன்றவில்லை. கௌதமனுக்கு ஒரு அழைப்பு வந்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என் மனைவி இறந்த நான்காம் நாள் நான் வேலைக்கு வந்தேன். பதினாறாம் நாள் சடங்கில் அவளுடைய அண்ணன் என் காதுபடச் சொன்னான்: "ஒரு சொட்டு வரல பாரு. கல்லு." நான் உள்ளுக்குள் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் பேசவில்லை. அழுகை வரவில்லை, உண்மை. உட்காரத்தான் முடியவில்லை. வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவேன். விளக்கைப் போடுவேன், அணைப்பேன். சாவியை எங்கோ வைத்துவிட்டு மறந்த ஆள் போல. சாவி கையில்தான் இருக்கும்.

மதியம் கேண்டீனில் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். தட்டு எடுக்க எண் சீட்டு தருவார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. நாற்பத்தேழு.

இசக்கியப்பன் அண்ணாச்சியின் கை வாய்க்கு முன்னால் நின்றது. எங்கள் குழுத் தலைவி ஸ்டெல்லா அக்கா தம்ளரைக் கீழே வைத்தார். அபிஷா எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனாள். நான் ரசச் சோற்றைப் பிசைந்தேன்.

"இந்த ரசத்துல என்னமோ கெடக்கு, கேட்டியா," என்றார் அண்ணாச்சி. "தெனம் சரியா இந்த நேரத்துக்கு வயித்தப் பெரட்டுது. என் சம்சாரம் சொல்லுதா, வயித்துல இல்ல, ஒமக்கு மண்டையிலதான் கோளாறுன்னு."

ஸ்டெல்லா அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கை கழுவப் போனேன். அபிஷா குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரைத் தொடாமல் நின்றாள்.

"அண்ணா, கையெழுத்துப் போட்டுருங்க."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"கௌதமன் சாரே சொன்னாரு. மறைக்கல. போட்டுருங்க. என்னைக்காவது யாரையாவது கீழ தள்ளிருவேன்னு பயமா இருக்கு."

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா? கல்யாணம் நின்னு போச்சுன்னாங்க."

"நான்தான் நிறுத்துனேன்." குழாயை மூடினாள். "அவரு நல்லவரு. ஆனா போன் பண்ணும்போதெல்லாம் அவரு செத்துப்போன மாதிரி இருக்கும். அவரு அங்க உயிரோட, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு இருப்பாரு. நான் இங்க அழுதுட்டு இருப்பேன். எந்த மாப்பிள்ளை பொறுப்பான், சொல்லுங்க."

கையை உதறிவிட்டு வந்தேன்.

கருவிகள் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்கா என்னைக் கூப்பிட்டார். கையில் டேப்லெட். காற்று அவருடைய முடியை வாய்க்குள் தள்ளியது, துப்பித் துப்பிப் பேசினார்.

"முறுக்குற கருவி ஒவ்வொரு போல்ட்டுக்கும் மணி எழுதிவைக்கும். தெரியும்லா?"

"தெரியும்க்கா."

"நேத்து பத்து நாப்பத்திரெண்டுக்கு நீ எந்த போல்ட்ல இருந்தே?"

"ஞாபகம் இல்ல."

"நாப்பத்தேழு." திரையைக் காட்டினார். "பத்து நாப்பத்திரெண்டுக்குத்தான் அவ நின்னா. அவ பொட்டுல பதிவு இருக்கு. ஒரே நிமிஷம்."

"அதுக்கு?"

"கேண்டீன்ல அந்த நம்பரக் கூப்பிட்டா என் நெஞ்ச யாரோ பிசையுறமாரி இருக்கும். அண்ணாச்சிக்கு வயிறு. அவளுக்குச் சொல்லவே வேண்டாம். போன மாசம் நீ பல்லு புடுங்கப் போனேல்லா, ரெண்டு நாளு லீவு. அந்த ரெண்டு நாளும் நாப்பத்தேழக் கூப்பிட்டானுவ. எங்களுக்கு ஒண்ணும் ஆவல. நான் கவனிச்சேன், யாருட்டயும் சொல்லல." நெருங்கி வந்தார். "நாப்பத்தேழுன்னா ஒனக்கு என்னடே?"

யோசித்தேன். யோசிக்க வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்க டோக்கன் குடுத்தாங்க. அவளுக்குத் தலைவலி. பெஞ்சுல என் தோள்ல சாஞ்சிருந்தா. முப்பத்தெட்டு ஓடிட்டு இருக்கும்போது அவ கை என் கைலேருந்து வழுக்குச்சு. உள்ள தூக்கிட்டு ஓடுனாங்க. கொஞ்ச நேரத்துல டாக்டர் வந்து சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் நாப்பத்தேழக் கூப்பிட்டாங்க. நான் எழுந்து போய்ச் சீட்டைக் குடுத்தேன்."

"ஏன் குடுத்தே?"

"கூப்பிட்டாங்கல்லா."

ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் கிடந்த கேபிள் உருளையில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துப் பேசினார்.

"நான் கேஸ் அடுப்ப மூடுனேனான்னு ராத்திரி மூணு தடவ எந்திரிச்சுப் பாக்கேன். அண்ணாச்சி பேரனத் தூக்க மாட்டேங்காரு, கீழ போட்டுருவேன்னு. அந்தப் புள்ள கல்யாணத்தையே வேண்டாம்னுட்டு." நிமிர்ந்தார். "பத்து மாசமா நாங்க மூணு பேரும் ஒன் வீட்டு எழவத்தான் சொமந்துட்டு அலையுறோம், தாணு."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

மறுநாள் கௌதமன் அறையில் நான்கு பேரும் இருந்தோம். அவர் இரண்டு பதிவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பதற்றம் ஒரே ஆள் மேல விழுந்தா அவர் தப்புப் பண்ணுவார். அதனால அதைப் பிரிச்சுக் குடுக்கற மாதிரி செஞ்சிருக்கோம். யார்கிட்ட இடம் இருக்கோ அங்க போகும்."

"எடம்னா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"நல்லாத் தூங்கறவங்க. சின்ன வயசு. வீட்டுல பெரிய கவலை இல்லாதவங்க. அடுத்தவங்களைக் காது குடுத்துக் கேக்கறவங்க. அதைத்தான் காலேஜ்ல ஏற்புத்திறன்னு மார்க் போடறாங்க."

"அப்ப நல்ல புள்ளையாப் பாத்துத் தலையில ஏத்திருக்கிய," என்றார் அண்ணாச்சி.

"இது வேலைப் பதற்றத்துக்குன்னு செஞ்சது, சார். எது வேலை, எது வீடுன்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாது. நாங்களும் யோசிக்கல."

அபிஷா தலையைத் திருப்பினாள். அவள் என்னைப் பார்த்தாள். கோபமா, ஆறுதலா என்று எனக்குப் பிடிபடவில்லை. பைத்தியம் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டவளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"இப்ப என்ன செய்யலாம்?" என்றேன்.

"அபிஷாவுக்குப் பதிலா வேற ஒருத்தரைப் போடலாம். தொண்ணூறுக்கு மேல மார்க் உள்ளவங்க நிறைய பேர் காத்திருக்காங்க. உங்க கோடு இப்படியே இருக்கும். குழுவும் கலையாது."

"அவங்களும் ஏணியில நின்னுட்டா?"

கௌதமன் கண்ணாடியைத் துடைத்தார். "அடுத்தவங்க" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் பொட்டை எடுத்துட்டா?"

"உங்ககிட்டேருந்து புதுசா எதுவும் இவங்களுக்குப் போகாது. ஆனா நீங்க மேல ஏற முடியாது. பயிற்சிக்கும் வர முடியாது. உங்க கோடு என்ன ஆகும்னும் எனக்குத் தெரியல. யாரும் எடுத்துப் பார்த்ததில்ல."

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். அபிஷாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'குழுவுக்கு ஒவ்வாமை' என்பதையும் அடித்தேன். 'சுமை என்னுடையது' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

பிறகு பொட்டைப் பிய்த்தேன். பிசினோடு கொஞ்சம் தோலும் வந்தது. மேசையில் வைத்தேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கௌதமன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தயாராக வைத்திருந்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம்.

"வருதா மக்கா?" என்றார் அண்ணாச்சி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல.

"இல்ல அண்ணாச்சி."

"சில வண்டி லேட்டாத்தான் வரும்," என்றார்.

என்னை உதிரிப்பாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். தகரக் கூரை. பழைய இறக்கைகள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் ஐம்பது மீட்டர். தேய்மானத்தையும் விரிசலையும் பார்த்து எழுதுவது வேலை. தனி ஆள். கிடங்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். நடந்துகொண்டே இருந்தேன். வேலை கேட்டதைவிட அதிகம் நடந்தேன்.

எட்டு நாள் ஆயிற்று. எதுவும் வரவில்லை. நாற்பத்தேழு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அது ஒரு எண். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் சவாரி வேண்டுமா என்று கேட்டார். கொடுத்ததெல்லாம் கொடுத்ததுதான் போலிருக்கிறது. என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் மதியம் அபிஷா வந்தாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தாள். அவள் பொட்டு காதுக்குப் பின்னால் இருந்தது.

"எப்படி இருக்கே?"

"இன்னைக்கு அறுபத்தொண்ணுல ஏறுனேன். உச்சி வரைக்கும். ஸ்டெல்லாக்கா கீழ நின்னு நம்பர் நம்பரா கத்துனாங்க, பழைய மாதிரி. அண்ணாச்சி காதப் பொத்திக்கிட்டாரு."

"நல்லது."

"புதுசா எதுவும் வரல." ஒரு பழைய இறக்கையின் மேல் உட்கார்ந்தாள். "ஆனா பழசு போகலண்ணா."

நான் உட்காராமல் நின்றேன்.

"எடுத்துக்கோங்கன்னு சொல்ல வரல. எடுக்க முடியாதுன்னு கௌதமன் சார் சொல்லிட்டாரு. எனக்கு வேற ஒண்ணு வேணும்." ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்து மாசமா நான் யாரையோ தேடிட்டு இருக்கேன். பஸ்ல, கடைல, எங்க போனாலும். யாருன்னு தெரியாமத் தேடுறதுதான் தாங்கல. அவங்க யாருன்னு சொல்லுங்க. தெரிஞ்சாலாவது ஒரு எடத்துல வச்சுக்குவேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நான் கொடுத்தது அவளிடம் இருக்கிறது. அதன் பெயராவது அவளுக்குத் தெரிய வேண்டும்.

"பேரு மஞ்சரி. முப்பது வயசு. ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப்ல வேலை."

அபிஷா தலையை ஆட்டினாள். "இது இல்ல."

"சொந்த ஊரு குலசேகரம். எங்க கல்யாணம் நடந்து நாலு வருஷம். மூளைல ரத்தக்குழாய் வெடிச்சிருச்சுன்னு சொன்னாங்க."

"இதுவும் இல்லண்ணா. இதெல்லாம் ஃபார்ம்ல எழுதுறது. எனக்குள்ள இருக்கறது வேற."

வேறு என்ன இருக்கிறது? நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தேடினேன். மஞ்சரிக்குப் பிடித்த நிறம் சொன்னேன். அபிஷாவின் முகத்தில் ஒன்றுமில்லை. மஞ்சரி வண்டி ஓட்டக் கற்ற கதை சொன்னேன். லேசாகச் சிரித்தாள், அவ்வளவுதான். தகரக் கூரை மேலே எழும்பி எழும்பி விழுந்தது.

"தோசை சுடும்போது," என்றேன், "முதல் தோசை கல்லுல ஒட்டும்ல. பிஞ்சு பிஞ்சு வரும். அத எனக்குத் தர மாட்டா. அடுப்புக்கிட்ட நின்னே சுடச்சுட ஊதி ஊதித் தின்னுருவா. நான் கேட்டா, முதல் தோசை சுட்டவளுக்கு, அது சட்டம்னு சொல்லுவா. நாலு வருஷத்துல ஒரு நாளும் முதல் தோசை என் தட்டுக்கு வந்ததில்ல."

அபிஷாவின் முகம் மாறியது. முதலில் கன்னம், பிறகு வாய். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்து வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"இதுதான்," என்றாள். "இவங்கதான்."

நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் இருக்குமா அது. பத்து மாதம் என் முகத்தில் இருந்திருக்க வேண்டியது. எவ்வளவு பெரியது. இதைத் தூக்கிக்கொண்டா இந்தப் பெண் தினமும் நூறு மீட்டர் ஏறினாள்.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குது. ஆனா இப்ப பேரு இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். பிறகு சாதாரணமாக, வீட்டு விஷயம் விசாரிப்பது போலக் கேட்டாள்: "இப்ப முதல் தோசைய என்ன செய்றீங்க?"

பதில் எனக்குத் தெரியும். சின்னப் பதில். நான்கு சொல் இருக்கும்.

"நான்..." என்றேன்.

அடுத்த சொல் வரவில்லை. மறுபடி வாயைத் திறந்தேன். அபிஷாவின் முகம் கலங்கித் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த இறக்கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்தேன்.

அபிஷா ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள்.

"அவசரமில்லண்ணா," என்றாள். "எனக்கு நாலு மணிக்குத்தான் டூட்டி."